சாப்பாட்டு மேஜையில் ஒரு ரிவால்வர்

1

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. நான் சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். என் மகன் கவின் சாப்பாட்டு மேஜையில் பழைய துண்டு ஒன்றை விரித்து, அதன்மேல் ஒரு ரிவால்வரை வைத்தான். இட்லித் தட்டு வைக்கிற இடத்தில்.

"அம்மா, செகண்ட் ஹேண்ட். நேத்து வாங்கினேன். நீ ஃபேக்டரில செக் பண்ற மாதிரி இதையும் செக் பண்ணித் தர்றியா?"

ஊராக இருந்தால் "அய்யோ சாமி!" என்று ஒரு கத்துக் கத்தியிருப்பேன். அக்கம்பக்கத்தில் நாலு பேர் ஓடி வந்திருப்பார்கள். இது டெக்சாஸ். பக்கத்து வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போதே இடுப்பில் ஒன்றைச் செருகிக்கொண்டுதான் போகிறார். நான் கத்தினால் அவர் ஓடி வந்து, "நல்ல மாடல்" என்று பாராட்டிவிட்டுப் போவார். அதனால் கத்தவில்லை. தேங்காயோடு சேர்த்து விரலையும் கொஞ்சம் துருவிக்கொண்டேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பெரியநாயக்கன்பாளையம். மேட்டுப்பாளையம் ரோட்டுக்கு உள்ளே தள்ளி அப்பாவுக்கு ஒரு லேத் பட்டறை இருந்தது. பம்ப் கம்பெனிகளுக்கு இரும்புத் தண்டைக் கடைந்து ஷாஃப்ட் செய்து கொடுப்பார். டிப்ளமா முடித்துக் கல்யாணம் ஆகும் வரைக்கும் அங்கே சரக்கைச் சரிபார்த்து அனுப்புவது என் வேலை. இப்போது அந்தப் பட்டறையைத் தம்பி பிரபு பார்த்துக்கொள்கிறான். நானும் வேலையை விடவில்லை. இங்கே ஒரு வால்வு ஃபேக்டரியில் அதேதான். சம்பளம் டாலரில், திட்டு இங்கிலீஷில். மற்றபடி ஷாஃப்ட் ஷாஃப்ட்தான்.

கவினுக்கு இருபத்திரண்டு வயது. போன வருஷம் காலேஜைப் பாதியில் விட்டுவிட்டு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். மாதக்கணக்கில் வெளியே வரவில்லை. தட்டை வாசலில் வைப்பேன், பாதி நாள் அப்படியே ஆறிக் கிடக்கும். பிறகு டாக்டரிடம் போனான். மாத்திரை சாப்பிட்டான். அதையும் நிறுத்தினான். இந்த வருஷம் ஒரு கிடங்கில் வேலைக்குப் போய் வருகிறான். சிரிப்பதில்லை. கேட்டால் "ஃபைன்மா". அவனுக்கும் எனக்கும் நடுவில் மிச்சமிருந்த ஒரே சொல் அதுதான்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அந்தச் சனியனைப் பார்த்ததும் எனக்குத் திருடன் ஞாபகமும் வரவில்லை, கொள்ளைக்காரன் ஞாபகமும் வரவில்லை. அந்தச் சாத்திய கதவுதான் ஞாபகம் வந்தது. என் பிள்ளை தன்னையே ஏதாவது செய்துகொண்டுவிடுவானோ என்று பயந்தேன்.

"எதுக்குடா கண்ணு இது?"

"வேலை முடிஞ்சு வர்றப்ப பார்க்கிங்ல ஒருத்தன் துரத்தினாம்மா. கார் கண்ணாடியைத் தட்டினான். உன் நாட்டுக்குப் போடான்னு கத்தினான். நான் பொறந்ததே இங்கதானே. எங்க போறது?"

இதற்கு என்ன பதில் சொல்வது? உங்களுக்குத் தெரிந்தால் எழுதி அனுப்புங்கள்.

2

எங்கள் பெரியப்பாவிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. மலையடிவாரத்தில் தோட்டம், காட்டுப்பன்றி வந்து கடலைக்காட்டை உழுதுவிட்டுப் போகும். அதற்காக லைசென்ஸ் கேட்டு எழுதிப் போட்டார். தாலுகா ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், கலெக்டர் ஆபீஸ் என்று அலைந்து செருப்புத் தேய்ந்தது. போலீஸ்காரர் வந்து அக்கம்பக்கத்தில் விசாரித்தார். "ஆளு எப்படிங்க, கோவக்காரருங்களா?" பக்கத்துத் தோட்டத்துக்காரர், "கோவமுங்களா? பன்னி வந்தாலே ‘போங்க சாமி’ன்னு கையெடுத்துக் கும்புடுவாருங்க" என்று சொன்னாராம். அதற்குப் பிறகும் வருஷங்கள் ஆயின.

கிடைத்த பிறகும் நிம்மதி இல்லை. எலெக்ஷன் அறிவித்தால் போதும், துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். பெட்ஷீட்டில் சுற்றி, ஸ்கூட்டரில் பெரியம்மா மடியில் வைத்துக் கொண்டுபோவார். சட்டசபை, பார்லிமென்ட், பஞ்சாயத்து என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். துப்பாக்கி வீட்டில் இருந்ததைவிட ஸ்டேஷனில் இருந்ததுதான் அதிகம். திருப்பி வாங்கி வந்ததும் முற்றத்தில் உட்கார்ந்து, துரு ஏறியிருக்கிறதா, கைப்பிடிக் கட்டை விரிசல் விட்டிருக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்து, ஏட்டையாவைத் திட்டித் தீர்ப்பார். அவர் ஆயுசில் ஒரு பன்றிகூடச் சாகவில்லை.

அப்போதெல்லாம் நாங்கள் சிரிப்போம். இப்போது அந்தத் தாலுகா ஆபீஸை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது. கவின் அடையாள அட்டையைக் காட்டி, ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டு, கடைக்காரர் ஒரு போன் பேசி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டதாம். எங்கள் பக்கத்தில் காஸ் கனெக்ஷன் வாங்கவே அதைவிட நேரமாகும்.

நான் சும்மா இருக்கவில்லை. திங்கட்கிழமை முதல் வேலையாக அவனைப் பார்த்த மருத்துவமனைக்கு போன் செய்தேன். "அவர் வயது வந்தவர். அவர் சம்மதம் இல்லாமல் நாங்கள் எதுவும் பேச முடியாது" என்றார்கள். நீங்கள் பேச வேண்டாம், நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டால் போதும் என்றேன். கேட்டுக்கொண்டார்கள். "குறித்துக்கொண்டோம்" என்றார்கள். அவ்வளவுதான்.

துப்பாக்கிக் கடைக்கும் போன் செய்தேன். பதற்றத்தில் எடுத்த எடுப்பில் "ஏனுங்க" என்று ஆரம்பித்துவிட்டேன். அந்த ஆள் "எக்ஸ்க்யூஸ் மீ?" என்றார். இத்தனை வருஷம் ஆகியும் நாக்கு பயந்தால் பெரியநாயக்கன்பாளையத்துக்கு ஓடிவிடுகிறது. விஷயத்தைச் சொன்னேன். அவரும் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், உங்கள் மகன் வயது வந்தவர்." மருத்துவமனையும் துப்பாக்கிக் கடையும் ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்திருக்கின்றன.

போலீஸைக் கூப்பிடலாமா என்றும் யோசித்தேன். கையில் துப்பாக்கியோடு ஒரு கறுத்த பையன் வீட்டில் இருக்கிறான் என்று நானே போன் செய்து சொல்வதா? வருகிறவர்கள் கதவைத் தட்டிவிட்டு வருவார்களா, சுட்டுக்கொண்டே வருவார்களா என்று யாருக்குத் தெரியும். போனைக் கீழே வைத்துவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னால், "நீயே பேசு. உன் பேச்சுன்னாத்தான் காது குடுப்பான்" என்றார். அவர் எப்போதுமே இப்படித்தான். கஷ்டமான எதுவும் என் டிபார்ட்மென்ட்.

3

அந்தச் சனிக்கிழமைக்கே வருகிறேன். மேஜைமேல் அது இருக்கிறது, கவின் எதிரே உட்கார்ந்திருக்கிறான். வேண்டாம் என்று தள்ளினால் எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுவான், கதவு சாத்திவிடும். அதனால் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மனதுக்குள் ஒரே கணக்கு. பழைய சாமான், ஏதாவது குறை இல்லாமல் இருக்காது. கண்டுபிடித்துச் சொன்னால் திருப்பிக் கொடுத்துவிடுவான்.

முதலில் குண்டு போடுகிற சிலிண்டரைத் திறந்து, ஆறு அறையும் காலி என்று காட்டச் சொன்னேன். காட்டினான். இன்னொரு முறை காட்டச் சொன்னேன்.

"காட்டிட்டேனேம்மா."

"இன்னொருக்கா காட்டு. செத்தா போயிடுவே?" வாய் தவறி வந்துவிட்டது. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் கவனிக்கவில்லை.

பழைய மெஷின் வாங்குவது எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. மூடிப்போன மில்களின் லேத், டிரில்லிங் மெஷின் எல்லாம் ஏலத்துக்கு வரும். ஈரோட்டில் ஒரு லேத் பார்க்க அப்பா என்னையும் கூட்டிப்போனது நினைவிருக்கிறது. புதுப் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. அப்பா சுற்றிச் சுற்றி வந்து, திருகுத் தலைகளைத் தடவி, நகத்தால் பெயிண்டைச் சுரண்டினார். விற்கிறவருக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி இந்தப் பார்வை பாக்கறீங்க?" என்றார். "பொண்ணுன்னா இத்தன பவுடர் எதுக்குங்க போட்டுருக்குது?" என்று அப்பா கேட்டார். பவுடருக்குக் கீழே விரிசல் இருந்தது.

அதேபோல ரிவால்வரையும் பார்த்தேன். ஒரு திருகின் தலை கடித்துத் துப்பினதுபோல் இருந்தது. யாரோ சரியான திருப்புளி இல்லாமல் திறந்திருக்கிறார்கள். கறுப்பு மெருகு புதிது. வெளிச்சத்தில் சாய்த்தால் அதற்கு அடியில் பழைய துருவின் குழிகள் தெரிந்தன. ஆனால் இதெல்லாம் அழகுக் குறை, இதற்காக யாரும் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். குழலுக்குப் பின்னால் வெள்ளைக் காகிதம் வைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே சுருள் வரிகள் சுத்தமாக இருந்தன. எங்கேயும் வீக்கம் இல்லை. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை, தகடு தகடாக இருக்குமே, அந்த ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தேன். அதுவும் சரி. எனக்கு எரிச்சல் வந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு சாமான் நன்றாக இருந்ததற்காக எரிச்சல்பட்டேன்.

கடைசியாக, சிலிண்டர்மேல் ஒரு விரலை லேசாக வைத்துக்கொண்டு, பின்னால் இருக்கிற சுத்தியலை மெதுவாக இழுத்தேன். இழுக்க இழுக்க சிலிண்டர் சுழன்று, அடுத்த அறை குழலுக்கு நேராக வந்து பூட்டிக்கொள்ள வேண்டும். ஒன்று பூட்டியது. இரண்டு, மூன்று பூட்டின. நாலாவது அறையில் சுத்தியல் முழுக்கப் பின்னால் வந்து நின்றுவிட்டது, சிலிண்டர் பூட்டவில்லை. மயிரிழை பாக்கி. மறுபடி செய்தேன். அதே நாலாவது.

"மாட்டுச்சு!" என்று கத்தினேன். நிஜமாகவே கத்தினேன். கடவுளே, எவ்வளவு சந்தோஷம்.

கவின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டான். "எங்கம்மா? காட்டு." அவன் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்து இழுத்துக் காட்டினேன். "இந்த அறையிலே குண்டு நேரா உள்ளே போகாது கண்ணு. ஓரத்துலே இடிச்சு ஈயம் பக்கத்துலே சிதறும். சுடறவன் மூஞ்சியிலேயே அடிச்சாலும் அடிக்கும்."

"வாவ். இதை எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது என் பிள்ளை என்னிடம் இப்படி ஆவலாக ஒரு கேள்வி கேட்டு. நான் விடுவேனா? பட்டறைக் கதை எல்லாம் எடுத்துவிட்டேன். அப்பா நகப்பூச்சு வாங்கின கதையைச் சொன்னேன். சரிபார்த்த ஷாஃப்ட்டில் அடையாளம் வைக்கப் பெயிண்ட் காய நேரமாகிறது என்று, அப்பா ஃபேன்ஸி ஸ்டோருக்குப் போய் சிவப்பு நகப்பூச்சு ஒன்றும் பச்சை நகப்பூச்சு ஒன்றும் கேட்டார். கடைக்காரம்மா, "சேப்பு சரீங்க, பச்சை ஆருக்குங்க?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறார். சிவப்புப் பொட்டு வைத்தால் கழிவு. பச்சைப் பொட்டு வைத்தால் சரக்கு கம்பெனிக்குப் போகலாம். பச்சை வைக்க அப்பாவுக்கும் எனக்கும் மட்டும்தான் அதிகாரம். "அம்மணி, பச்சை வெச்சவங்கதான் நாளைக்குப் பதில் சொல்லோணும். கை நடுங்குச்சுன்னா வெக்காதே" என்பார்.

கவின் சிரித்தான். பல் தெரியச் சிரித்தான். எழுந்து போய் என் அலமாரியில் இருந்து சிவப்பு நகப்பூச்சை எடுத்து வந்து, "அப்ப இதுக்கு ரெட் பிந்தி வை" என்றான்.

"பிந்தி என்னடா பிந்தி. பொட்டுன்னு சொல்லு."

"பொட்டு வை."

நாலாவது அறையின் விளிம்பில் சிவப்புப் பொட்டு வைத்தேன். ஆறிப்போன இட்லியை இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவன் ஆறு இட்லி சாப்பிட்டான். அந்தச் சனியன் மேஜையின் இன்னொரு மூலையில் இருந்தது. அது இருப்பதால்தான் அவன் என்னோடு உட்கார்ந்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியதைத் தள்ளிவிட்டு இன்னொரு கரண்டி சட்னி போட்டேன்.

"திருப்பிக் குடுத்துடு கண்ணு."

"ஆமாம்மா. வர சனிக்கிழமை கொண்டு போறேன்."

4

அடுத்த சனிக்கிழமை அவன் அதை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு பிரபுவுக்கு போன் போட்டேன். இந்த ஒரு வாரமும் அவனிடம்தான் புலம்பிக்கொண்டிருந்தேன்.

"கொண்டு போயிட்டானுங்களாக்கா?"

"போயிட்டான்டா. இப்பத்தான்."

"சேப்பு வெச்சுப்போட்டீங்கல்ல, இனி அந்தக் கருமம் ஊட்டுப் பக்கம் வராதுங்க்கா. சித்த நேரம் படுத்துத் தூங்குங்க. குரலே செத்துப்போச்சு உங்களுக்கு."

தூங்கவில்லை. வரமிளகாயைக் கிள்ளிப் போட்டு பள்ளிபாளையம் சிக்கன் செய்தேன். கவினுக்குச் சின்ன வயதில் இருந்தே அது என்றால் உயிர். வாசலில் கார் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவன் மேஜையில் அதே துண்டை விரித்தான். மேலே இன்னொரு ரிவால்வரை வைத்தான்.

"அம்மா! அங்க பணம் திருப்பித் தர மாட்டாங்களாம், எக்ஸ்சேஞ்ச்தான். நீ வச்ச பொட்டைக் காட்டினேன். கடைக்காரன் ஆடிப்போயிட்டான். யாரு கண்டுபிடிச்சதுன்னு கேட்டான். எங்கம்மான்னேன். உங்கம்மா இங்க வேலைக்கு வருவாங்களான்னு கேக்கறான்! அவங்க தப்புங்கறதால அதே விலைக்கு இதைக் குடுத்தான். ரொம்ப நல்லது இது."

நான் அடுப்பை அணைத்தேன். என் வேலை சுத்தமாக நடந்திருக்கிறது. மூஞ்சியில் ஈயம் தெறிக்கிற ஒரு கழிவைத் திருப்பிக் கொடுக்கவைத்து, குறி தப்பாத ஒன்றை என் பிள்ளை கையில் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

"இதையும் பாரும்மா."

பார்த்தேன். திருகுத் தலைகள் தொடாதவை. மெருகு பழையது, உண்மையானது. குழல் கண்ணாடி மாதிரி பளபளத்தது. ஆறு அறையும் ஆறு முறையும் பூட்டின. மறுபடி பார்த்தேன். மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். சாமி, ஒரே ஒரு குறை குடு என்று அவிநாசியப்பரை வேண்டிக்கொண்டு பார்த்தேன்.

பொய் சொல்லலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். குறை என்று சொன்னால் இன்னொன்றை வாங்கி வருவான். இல்லாவிட்டால் கடைக்காரர் பார்த்து, அம்மா சொன்னது பொய் என்று சொல்வார். அதற்குப் பிறகு இந்த மேஜைக்கு அவன் வர மாட்டான். இப்போது என்னிடம் இருப்பது இந்த மேஜை ஒன்றுதான்.

"குறை ஒண்ணும் இல்லே," என்றேன். அப்பா இதைச் சொல்லும்போது மீசைக்குள் சிரிப்பார். எனக்கு வாய் கோணிக்கொண்டு போனது.

பிறகு கேட்டுவிட்டேன். எத்தனையோ நாளாகக் கேட்க நினைத்தது. "கவின், அம்மா ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. போன வருஷம் இருந்தியே, அந்த மாதிரி மனசு வந்துச்சுன்னா, இதை வெச்சு உன்னையே ஏதாச்சும் பண்ணிக்குவியா?"

அவன் துண்டின் ஓரத்தை மடித்தான், விரித்தான். "அப்ப அந்த நினைப்பு இருந்துச்சும்மா. இப்ப இல்ல."

அப்போது இருந்தது. என் வீட்டில், என் சுவருக்கு அந்தப் பக்கம், நான் தட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்த கதவுக்குப் பின்னால் இருந்தது. எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும்.

"பெட்டியிலே வெச்சுப் பூட்டிச் சாவியை எங்கிட்டக் குடு கண்ணு. உனக்குக் கோடி புண்ணியம்."

"சாவி உன்கிட்ட இருந்தா எனக்கு எதுக்கும்மா அது? பார்க்கிங்ல நீயா வந்து நிப்ப?"

"டாக்டர்கிட்டயாவது மறுபடி போடா."

"பாக்கலாம்மா." என் முகத்தைப் பார்த்தான். "நெஜமா இப்ப இல்ல. அழாத."

அழுகிறேன் என்பதே அவன் சொல்லித்தான் தெரிந்தது. அவன் சட்டைப்பையில் இருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து என் முன்னால் வைத்தான். பச்சை நகப்பூச்சு. கடையில் இருந்து வரும் வழியில் நிறுத்தி வாங்கியிருக்கிறான்.

"பொட்டு வைம்மா." இந்தத் தடவை அவனே சரியாகச் சொன்னான்.

கை நடுங்கியது. நடுங்கினால் வைக்காதே என்று அப்பா சொன்னதை நான்தான் இவனுக்குச் சொல்லியிருந்தேன். அவன் அதை மறந்திருக்கலாம். நினைவில் வைத்துக்கொண்டே என் கையைப் பார்க்காமலும் இருந்திருக்கலாம். நான் வைக்கவில்லை என்றால் என்ன? அதை எடுத்துக்கொண்டு போகத்தான் போகிறான், கோபத்தோடு போவான். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கைப்பிடிக்கு மேலே ஒரு பச்சைப் பொட்டு வைத்தேன். அவன் ஊதிக் காயவைத்தான். பிறகு என்னைக் கட்டிக்கொண்டான். என் உயரம் அவன் மார்பு வரைக்கும்தான் எட்டுகிறது.

சிக்கன் நன்றாக இருக்கிறது என்று இரண்டு முறை போட்டுக்கொண்டான். பிறகு அதை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனான். கதவு சாத்திக்கொண்டது.

5

பிரபு கூப்பிட்டான். "என்னாச்சுங்க்கா? திருப்பிக் குடுத்துப்போட்டானா?"

"குடுத்துட்டான். வேற வாங்கிட்டு வந்துட்டான்."

"பாத்தீங்களா அதெ?"

"பாத்தேன்."

"சேப்பா, பச்சையாங்க்கா?"

பாத்திரம் கழுவணும்டா என்று போனை வைத்தேன். அவனும் திரும்பக் கேட்கவில்லை. பட்டறையில் வளர்ந்தவன், புரிந்திருக்கும்.

இப்போது என் காலைகள் இப்படித்தான். டிபன் பாக்ஸ் கட்டுகிறேன், ஃபேக்டரி ஷூவை வாசலில் எடுத்து வைக்கிறேன், பிறகு மாடி ஏறிக் கவின் கதவு முன்னால் போய் நிற்கிறேன். கூப்பிடச் சாக்கு வேண்டுமே. "கண்ணு, போயிட்டு வாரேன்" என்கிறேன். சில நாள் உடனே பதில் வந்துவிடும். சில நாள் தாமதமாகும். தூங்குகிறவனை எழுப்பாதே என்று வீட்டுக்காரர் கீழே இருந்து கத்துவார், கத்தட்டும். வேலைக்கு நேரமாகிறது, ஆகட்டும்.

உள்ளே இருந்து ஒரு "ம்" வருகிறது. அதற்கப்புறம்தான் கீழே இறங்கி ஷூவை மாட்டுகிறேன்.